சதுரங்கப் பலகையின் மொத்தக் கணக்கு

மாணவர்களே! சதுரங்கப் பலகையும் கோதுமை மணிகளும் பற்றிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்த அறிஞர் ஒருவர் அரசனிடம் பரிசு கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவது கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, நான்காவதற்கு எட்டு. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தியதைப்போல் இருமடங்காக 64 கட்டங்களுக்கும் கொடுத்தால் போதும் என்கிறார். "இவ்வளவுதானா?" என்று சிரித்த அரசன், களஞ்சியக் கணக்கர் வந்து மொத்தத்தைச் சொன்னதும் வாயடைத்துப் போகிறான். கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். நம் கட்டுரை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கணக்கர் சொன்ன எண் இது:

1,84,46,74,40,73,70,95,51,615

மொத்தம் இருபது இலக்கங்கள். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்கும் மேலே! ஒரு கிராமுக்கு 25 கோதுமை மணிகள் என்று வைத்துக்கொண்டால், இவற்றின் எடை ஏறத்தாழ 73,800 கோடி டன் ஆகும். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் கோதுமை சுமார் 80 கோடி டன். ஆகவே, 900 ஆண்டுகளுக்கு மேல் உலகத்தார் ஒரு பிடி கோதுமைகூட உண்ணாமல் சேர்த்து வைத்தால்தான் அரசனின் கடன் தீரும்.

கதை எங்கே, எப்போது பிறந்தது என்பது தெளிவில்லை. ஆனால் எண் பழையது. கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த அல்பிரூனி என்ற பேரறிஞர் இதைச் சரியாகக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறார். அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு அவர் துன்பப்படவில்லை. எளிய வழி ஒன்றைக் கண்டார். அதை நாமும் பார்ப்போம்.

மணிகள் எல்லாவற்றையும் வைத்து முடித்தபின், வெளியிலிருந்து ஒரே ஒரு மணியைக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். அதை முதல் கட்டத்து மணியோடு சேர்த்தால் 2. இரண்டாவது கட்டத்தில் உள்ள 2உடன் சேர்த்தால் 4. மூன்றாவது கட்டத்தில் உள்ள 4உடன் சேர்த்தால் 8. இப்படியே போனால், 64ஆம் கட்டத்தைக் கடக்கும்போது கையில் இருப்பது 2⁶⁴. வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பலகையின் மொத்தம் 2⁶⁴ − 1. கூட்டல் வேலையே இல்லை.

2⁶⁴ஐக் காண்பதற்கும் 63 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. 2இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 429,49,67,296. அதன் வர்க்கம் 2⁶⁴. ஆறே பெருக்கல்கள்! கடைசிப் பெருக்கல் மட்டும் சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். நான் அதைக் கையால் செய்து பார்த்தபோது முதல் தடவை விடை தவறாகத்தான் வந்தது. நீங்கள் என்னைவிடக் கவனமாகச் செய்வீர்கள் என்று நம்புகிறேன். இந்த ஆறு படிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவை நமக்குப் பெரிதும் உதவப் போகின்றன.

இதே எண் வேறொரு விளையாட்டிலும் வருகிறது. எடுவார்டு லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883இல் 'ஹனோய் கோபுரம்' என்ற புதிரை வெளியிட்டார். மூன்று கம்புகள், ஒன்றில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய வட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு வட்டு வீதம், சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், எல்லாவற்றையும் வேறொரு கம்புக்கு மாற்ற வேண்டும். 64 வட்டுகள் இருந்தால் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் தேவை. நொடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். நம் பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம்!

சரி, எண் பெரியதுதான். ஆனால் பெரிய எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒன்று போட்டு இருபது பூச்சியம் சேர்த்தால் இதைவிடப் பெரிய எண் வந்துவிடும். கணித அறிஞர்கள் கேட்கும் கேள்வி வேறு. இந்த எண் எவற்றால் ஆனது? இதன் காரணிகள் யாவை?

மீதியில்லாமல் பங்கிடலாமா?

களஞ்சியத்தின் முன் சிலர் நின்றுகொண்டு, மணிகளைச் சமமாகப் பங்கிடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவர் வந்தால் பங்கிட முடியுமா? எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 87 வரும். 87, மூன்றால் வகுபடும்; எனவே எண்ணும் வகுபடும். கடைசி இலக்கம் 5 என்பதால் ஐவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எழுவர் வந்தால்? இருபது இலக்கங்களையும் ஏழால் வகுக்க வேண்டாம். 2³ ஆகிய 8ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. ஆகவே 2இன் அடுக்கு மூன்று மூன்றாக ஏறும்போதெல்லாம் மீதி மீண்டும் 1க்கு வந்துவிடும். 63 மூன்றால் வகுபடுவதால் 2⁶³க்கு மீதி 1. 2⁶⁴க்கு மீதி 2. அதில் ஒன்றைக் கழித்தால் 1. ஆக, எழுவர் பங்கிட்டால் ஒரே ஒரு மணி மிஞ்சும். அதை ஒரு குருவிக்குப் போட்டுவிடலாம்.

இப்படி ஒவ்வொரு எண்ணாகச் சோதித்துக்கொண்டே போவது முடிகிற காரியமா? இங்கேதான் அந்த ஆறு படிகள் கைகொடுக்கின்றன. நீங்கள் வகுப்பில் படித்த முற்றொருமை ஒன்று உண்டு:

அ² − 1 = (அ + 1)(அ − 1)

2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது காரணியான 2³² − 1ஐயும் இதே போல் உடைக்கலாம்: (2¹⁶ + 1)(2¹⁶ − 1). அதில் கடைசியாக உள்ளதையும் உடைக்கலாம். இப்படியே வெங்காயத் தோலை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டு போனால் முடிவில் கிடைப்பது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 429,49,67,297

ஒவ்வொன்றும் நம் ஆறு படிகளில் கண்ட எண்ணைவிட ஒன்று கூடுதல் என்பதைக் கவனியுங்கள். 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65,536 + 1, கடைசியாக 2³² + 1. இருபது இலக்க எண்ணை ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் ஆறு காரணிகளாகப் பிரித்துவிட்டோம்!

இவற்றுள் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தானா? இந்தக் கேள்விக்கு விடை காண மனித குலத்துக்கு ஏறத்தாழ 92 ஆண்டுகள் ஆயின.

ஃபெர்மாவின் நம்பிக்கை

பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் பியேர் ஃபெர்மா என்பவர் வாழ்ந்தார். தொழில் நீதிமன்றப் பணி. கணிதம் ஓய்வுநேர இன்பம். அந்த ஓய்வுநேரத்தில் அவர் கண்டவை முழுநேர அறிஞர்கள் பலருக்குப் பொறாமை ஊட்டக்கூடியவை. அவர் 1640இல் எழுதிய கடிதம் ஒன்றில், 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65,536 + 1 என்று வளரும் இந்த வரிசையில் உள்ள எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகக் குறிப்பிட்டார். முதல் ஐந்துக்கு அது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் உண்மை என்று நிறுவ அவரால் இயலவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். நம்பிக்கையை மட்டும் விடவில்லை.

ஃபெர்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றே பலரும் நினைத்தனர். 1729ஆம் ஆண்டு டிசம்பரில் கோல்டுபாக் என்ற கணித அறிஞர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த இளைஞர் ஆய்லருக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஆய்லர் முதலில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. பிறகு விடவும் இல்லை. 1732இல், தமது 25ஆம் வயதில், அவர் விடையை அறிவித்தார்:

429,49,67,297 = 641 × 67,00,417

ஐந்து உண்மைகளைக் கண்டு ஆறாவதையும் நம்பிய ஃபெர்மாவின் கூற்று, ஆறாவதிலேயே வீழ்ந்தது. வீழ்த்தியதும் பிரமாண்டமான எண்ணன்று, வெறும் 641! ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடங்கூட ஆகாது.

அப்படியானால் ஃபெர்மாவுக்கு ஏன் இது தெரியவில்லை? 641 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எளிதுதான். சொல்லாவிட்டால், 3இல் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டும். 641 வருவது 115ஆவது வகுத்தலில்! அவ்வளவு தூரம் போகத் துணிவு வேண்டும். ஆய்லரும் அப்படிப் போகவில்லை. எந்த எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பதை அறிய ஒரு விதி உண்டு. அந்த விதியை ஆய்லர் பின்னாளில் முறையாக நிறுவிக் காட்டினார். அதன் கருத்து உங்களுக்கும் விளங்கும்.

2, 4, 8, 16, 32, 64, 128, 256 ஆகியவற்றை 17ஆல் வகுத்துப் பாருங்கள். மீதிகள் முறையே 2, 4, 8, 16, 15, 13, 9, 1. அடுத்த அடுக்கிலிருந்து மீண்டும் 2, 4, 8 என்று அதே மீதிகள் சுற்றி வரும். இந்தச் சுற்றின் நீளம் 8. இது, 17ஐவிட ஒன்று குறைந்த 16ஐ மீதியின்றி வகுக்கிறது அல்லவா? 17க்கு மட்டுமன்று, 2 தவிர எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும்.

இப்போது, ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுக்கும்போது சரியாக வகுபடுவதற்கு ஒன்று குறையும். அதாவது மீதி −1 எனலாம். 2⁶⁴ அதன் வர்க்கம். −1இன் வர்க்கம் 1. ஆகவே 2⁶⁴க்கு மீதி 1. எனவே சுற்றின் நீளம் 64ஐ வகுக்கும் எண்ணாக, அதாவது 1, 2, 4, 8, 16, 32, 64 என்பவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். அது 32 அல்லது அதற்குக் குறைவு என்றால் 2³²க்கே மீதி 1 வந்திருக்கும், வரவில்லை. ஆகவே நீளம் 64தான். அப்படியானால் அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64இன் மடங்காக இருந்தே தீரும்.

இனி வேலை சுலபம். 64இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 115 வகுத்தல்கள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன!

(இந்த வரிசையை நீட்டிக்கொண்டு போனால் 64 × 27 + 1 ஆக, இராமானுசனின் பெயரோடு இணைந்த 1729 வரும். ஆனால் அது 7 × 13 × 19, பகா எண்ணன்று. எனவே நமக்கு வேண்டாம்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், சுற்றின் நீளத்தைப் பற்றிய அந்த உண்மை ஃபெர்மா கண்ட தேற்றமே. அதையும் அவர் அதே 1640ஆம் ஆண்டில்தான் ஒரு கடிதத்தில் எழுதினார். தம் நம்பிக்கையை உடைக்கும் சுத்தியல் தம் மேசைமீதே இருந்தும் அவர் அதை எடுத்து அடித்துப் பார்க்கவில்லை. அல்லது அடித்துப் பார்த்தபோது எங்கோ ஒரு வகுத்தலில் கை தவறியிருக்கலாம். ஐந்து வகுத்தல்களில் ஒன்று! பரீட்சையில் கடைசி வரியில் பிழை செய்து மதிப்பெண் இழந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது ஓரளவு ஆறுதல்தான்.

வகுக்காமலே 641 ஒரு காரணி என்று காட்டும் அழகான வழியும் உண்டு. 641 = 640 + 1 = 5 × 128 + 1. இன்னொரு வகையில் 641 = 625 + 16 = 5⁴ + 16. இப்போது,

2³² = 16 × 2²⁸ = 16 × 128⁴

16க்குப் பதில் 641 − 5⁴ என்று எழுதினால்,

2³² + 1 = 641 × 128⁴ − 640⁴ + 1
= 641 × 128⁴ − (640⁴ − 1)

முதல் உறுப்பில் 641 வெளிப்படையாகவே இருக்கிறது. இரண்டாவதை நம் பழைய முற்றொருமையால் உடையுங்கள்: 640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1). நடுவில் இருப்பது 641! எனவே மொத்தமும் 641ஆல் வகுபடும்.

மற்றொரு காரணியான 67,00,417இன் கதையும் இதே விதியால் முடிகிறது. அதன் வர்க்கமூலம் 2,588க்குச் சற்று மேல். ஆகவே 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் அது வகுபடாது. ஆகவே பகா எண். ஹனோய் கோபுரத்தைத் தந்த லூக்கா 1878இல் ஆய்லரின் விதியை இன்னும் கூர்மையாக்கினார். 64இன் மடங்குகள்கூட வேண்டாம்; 128இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டினால் போதும் என்று காட்டினார். அந்த வழியில் சென்றால் 257, 641 என்று இரண்டாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடும்.

ஆக, அரசன் தர வேண்டிய மணிகளின் முழுப் பிரிப்பு இதோ:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417

ஏழு பகா எண்கள். எதுவும் இருமுறை வரவில்லை. எனவே இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், 1உம் அந்த எண்ணும் உட்பட, 2⁷, அதாவது 128. பங்கு கேட்டு 641 பேர் வந்தாலும் கவலையில்லை. 640 பேர் வந்தால்தான் தொல்லை.

பாதிப் பலகையின் பெருமை

பலகையின் முதற் பாதியில், அதாவது 32 கட்டங்களில் உள்ள மணிகளின் எண்ணிக்கை 2³² − 1 = 429,49,67,295. மேலே கண்டபடி இது 3 × 5 × 17 × 257 × 65,537. ஆய்லரின் அடியிலிருந்து தப்பிய ஐந்து பகா எண்களின் பெருக்கல் இது. வடிவியலில் இதற்கு எதிர்பாராத சிறப்பு ஒன்று உண்டு.

அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு சமபக்க முக்கோணம் வரைய உங்களுக்குத் தெரியும். ஒழுங்கான ஐங்கோணமும் வரையலாம். ஏழு பக்கம் வரைய முடியாது. 1796இல், பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று நிறுவினார். ஈராயிரம் ஆண்டுகளாக யாரும் எதிர்பாராத செய்தி அது. 17 நம் பட்டியலில் உள்ள எண் என்பதைப் பாருங்கள். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை ஃபெர்மா வரிசையிலுள்ள வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். அந்த வரிசையில் நமக்குத் தெரிந்த பகா எண்கள் ஐந்தே. ஆகவே இவ்வாறு வரையத்தக்கதாக இன்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களுள் மிகப் பெரியதன் பக்கங்கள் 429,49,67,295. பாதிப் பலகையின் மணிகள்! ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மஸ் என்பவர் 65,537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுதவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் செலவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

முழுப் பலகையின் எண்ணும் இன்று களஞ்சியத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. இன்றைய கணிப்பொறிகள் ஓர் எண்ணை 64 இரும இலக்கங்களில் எழுதிக்கொள்கின்றன. எல்லா இடங்களிலும் 1 நிரம்பினால் வரும் எண் 2⁶⁴ − 1. அந்த இடங்களுக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண் அதுவே. ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று சதுரங்கப் பலகையையே கணிப்பொறிக்குள் வைத்துவிட்டார்கள் எனலாம்.

ஃபெர்மாவின் வரிசையில் அடுத்த எண் 2⁶⁴ + 1; அரசனின் எண்ணைவிட இரண்டே இரண்டு கூடுதல். அதுவும் பகு எண்ணே. லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 1880இல், தமது 82ஆம் வயதில், அது 2,74,177 × 6728,04,21,310,721 என்று பிரித்துக் காட்டினார். அதற்கடுத்த எண்கள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பகு எண்கள் என்று தெரியவந்துள்ளன. 65,537க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்ணைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. இனி இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை. தொடர்ச்சியாகத் தீர்ந்துகொண்டு வந்த கணக்கு, 2ஐ 2³³ஆம் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணில் வந்து நிற்கிறது. அதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அதன் காரணி ஒன்றைக்கூட யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்று இருக்குமானால், லூக்காவின் விதிப்படி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2³⁵இன் மடங்காக இருக்க வேண்டும்.